பருவமும் பூச்சியும்

மாணவர்களே! தில்லியிலும் அதனைச் சூழ்ந்த வட இந்திய நகரங்களிலும் கடுங்கோடை, மழை, கடுங்குளிர் ஆகிய பருவங்கள் தெளிவாக மாறி மாறி வருகின்றன. பருவத்திற்கு ஏற்ப நாம் உடையை மாற்றுகிறோம். நம் வீட்டிற்குள் புகும் பூச்சிகளும் அவ்வாறே மாறுகின்றன. அவை பெருகியபின் மருந்து தெளிப்பதைவிட, அவற்றிற்கு வேண்டிய நீரையும் உணவையும் இடத்தையும் முன்னரே நீக்குவது எளிது.

மார்ச்சு மாதத்தில் குளிர் விலகியதும் கம்பளி ஆடைகளைப் பெட்டியில் அடுக்குகிறோம். பறக்கும் அந்துப்பூச்சி கம்பளியைத் தின்பதில்லை. அதன் புழுவே தின்கிறது. வியர்வையும் உணவுக்கறையும் படிந்த துணியை அப்புழு விரும்பும். ஆதலால் ஆடைகளைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, இறுக மூடி வைத்தல் வேண்டும். அந்துப்பூச்சியை விரட்டுவதால்தான் அந்துருண்டைக்கு அப்பெயர் வந்தது. அது நஞ்சு, சிறு குழந்தைகளின் கைக்கு எட்டலாகாது.

கோடையில் நாம் மிகுந்த விழிப்புடன் காக்க வேண்டியது கூலரின் நீர்த்தொட்டி. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிச் செல்வதில்லை. வீட்டில் தேங்கும் தெளிந்த நீரே அதற்குப் போதும். பகலில் கடிக்கும் இக்கொசு, நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, தொட்டியின் சுவரில் முட்டையிடுகிறது. நீர் வற்றினாலும் அம்முட்டைகள் அழிவதில்லை. பல மாதங்கள் உலர்ந்து கிடந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிக்கும். எனவே நீரை மட்டும் கொட்டிவிட்டால் போதாது. தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவி உலரவிட வேண்டும். முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்வரை ஆகும். வாரம் ஒருமுறை இதனைச் செய்தால் அவ்வளர்ச்சி இடையிலேயே அறுபடும். குளிர்காலத்திற்காகக் கூலரை மூடி வைக்கும் நாளிலும் தேய்த்தல் இன்றியமையாதது. இல்லையேல் அடுத்த கோடையில் நாமே நீர் ஊற்றிக் கொசுவை வளர்த்தவர்களாவோம்!

மழை தொடங்கியதும் விளக்கைச் சுற்றி ஈசல்கள் மொய்க்கும். ஈசல் என்பது சிறகு முளைத்த கறையானே. அது வெளியிலிருந்து வந்தால் விளக்கை அணைத்துவிடலாம். சுவரிலிருந்தோ கதவுச் சட்டத்திலிருந்தோ புறப்பட்டால் வீட்டிற்குள்ளேயே புற்று இருக்கக்கூடும். உடனே பெரியோரிடம் கூறுக. இக்காலத்தில் அரிசியிலும் வண்டு பெருகும். தாய் வண்டு அரிசியைத் துளைத்து அதனுள்ளே முட்டையிடுவதால் புடைத்தாலும் முட்டை நீங்குவதில்லை. பாட்டிமார் அரிசியில் மிளகாய் வற்றலும் காய்ந்த வேப்பிலையும் இடுவர். நல்ல வழக்கமே, ஆயினும் பழைய அரிசியின்மேல் புதியதைக் கொட்டினால் அதனால் பயன் குறைவு. கலத்தைத் துடைத்து உலர்த்திய பின்னரே நிரப்புதல் வேண்டும்.

குளிரில் எலிகள் வெப்பத்தை நாடி உள்ளே வரும். பென்சில் நுழையும் இடைவெளியே சுண்டெலிக்குப் போதும், அதனை அடைத்துவிடுக.

சொற்பொருள்
இன்றியமையாதது – மிகத் தேவையானது
மொய்த்தல் – கூட்டமாகச் சூழ்தல்
புடைத்தல் – முறத்தால் தூசி நீக்குதல்
கலம் – பாத்திரம்

பயிற்சி
1. கூலரின் நீரைக் கொட்டுவது மட்டும் ஏன் போதாது?
2. ஈசல் எங்கிருந்து வருகிறது என்பதை ஏன் கவனிக்க வேண்டும்?
3. உங்கள் வீட்டிலும் மாடியிலும் நீர் தேங்கும் இடங்களைப் பெற்றோருடன் பார்த்து எழுதுக.