பால்வீதியின் கருந்திட்டுகள்

கேள்வி: நிலவில்லாத இரவில் வயல்வெளியில் நின்று பார்த்தால் பால்வீதியின் நடுவே கருந்திட்டுகள் தெரிகின்றன. அங்கே நட்சத்திரங்கள் இல்லையா?
– வாசகர் ஒருவர், செங்கலடி

பதில்: இருக்கின்றன. புகைத்துகள் போன்ற நுண்ணிய தூசு அவற்றை மறைக்கிறது. அந்த இருட்டுக்குள்ளேதான் புதிய நட்சத்திரங்கள் பிறக்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பு. தூசு அவற்றின் ஒளியை விழுங்கி, சற்றே சூடாகி, செந்நிறக்கீழ்க் கதிராக உமிழும். அதன் அலைநீளம் கண்ணுக்குத் தெரியும் ஒளியினதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு பெரிது. ஆனால் நம் வளிமண்டலத்தின் நீராவி அதை நிலம்வரை வரவிடாது. ஆகவே மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1 மீட்டர் தொலைநோக்கியைப் பலூனில் ஏற்றி, ஹைதராபாத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பினார்கள். பின்னர் ஜப்பானியரின் கருவியும் அதில் சேர்ந்தது. அயனாக்கப்பட்ட காபன் உமிழும் 158 மைக்ரோமீட்டர் ஒளியை அது அளந்தது.