கத்திரிக்கு முன் கூலன்டைப் பாருங்கள்

சித்திரை பாதி கடந்துவிட்டது. மே முதல் வாரம் தொடங்கும் கத்திரி வெயில் அந்த மாதக் கடைசி வரை விடாது. பிள்ளைகளுக்கு விடுமுறை என்பதால் சங்கரன்கோவிலிலிருந்து திருச்செந்தூருக்கும், செங்கோட்டை வழியாகக் கேரளத்துக்கும் குடும்பத்தோடு கார்கள் கிளம்பும் காலமும் இதுதான். கரிசல் காட்டின் நடுவே, ஒதுங்க ஒரு வேப்பமரம்கூட இல்லாத இடத்தில், பேனட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு குழந்தைகளோடு நிற்கும் குடும்பங்களை வருடாவருடம் பார்க்கிறோம். அந்த வண்டிகளில் பெரும்பாலானவை முன்கூட்டியே அறிகுறி காட்டியிருக்கும். கவனித்திருந்தால் நிற்க வேண்டியிருந்திருக்காது. பயணம் வைத்திருப்பவர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கீழே சொல்லும் வேலைகளைத் தொடங்கிவிடுங்கள்.

இன்று ராத்திரி வண்டியை நிறுத்தும்போது பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து இன்ஜினுக்கு அடியில் விரித்துவையுங்கள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள். கறுப்பாகச் சொட்டியிருந்தால் ஆயில். நிறமே இல்லாமல், காய்ந்த பிறகு தடமும் இல்லாமல் போனால் ஏசியிலிருந்து வடிந்த தண்ணீர், கவலை வேண்டாம். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று நிறத்தோடு வழவழப்பாக இருந்தால் கூலன்ட். அதோடு பேனட்டைத் திறந்து, இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, கூலன்ட் டப்பாவில் மட்டம் நிற்கும் இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தேதியையும் எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து அதே காலை நேரத்தில் மறுபடி பாருங்கள். சூடான இன்ஜினில் மட்டம் சற்று ஏறித்தான் தெரியும் என்பதால் இரண்டு முறையும் ஆறிய நிலையிலேயே பார்க்க வேண்டும்.

கோட்டிலிருந்து கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். பெட்ரோல், டீசல் போலக் கூலன்ட் ஓட ஓடச் செலவாகும் சரக்கு கிடையாது. ரேடியேட்டர், இன்ஜின், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்ந்த மூடிய சுற்றுக்குள்ளேயே அது திரும்பத் திரும்ப ஓடுகிறது. பலர் செய்வது என்ன? மட்டம் குறையும்போதெல்லாம் ஒரு பாட்டில் ஊற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். மாசி, பங்குனி வரை அது ஒப்பேறும். கத்திரியில் ஒப்பேறாது. ஊற்றுவதை நிறுத்திவிட்டு எங்கே போகிறது என்று தேடுங்கள். இந்த அறிக்கையில் ஒன்றே ஒன்றை மட்டும் மனதில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

தேடுவதற்குப் பெரிய கருவி வேண்டாம், ஒரு டார்ச் போதும். கூலன்ட் கசிந்து காய்ந்த இடத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்ததுபோல் பொருக்கு இருக்கும். ரேடியேட்டரின் மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் மாட்டியிருக்கும் கழுத்துகளில், கிளாம்ப்பைச் சுற்றி அந்தப் பொருக்கு தெரிகிறதா என்று பாருங்கள். ஆறிய ஹோஸை விரலால் அமுக்கிப் பாருங்கள். நல்ல ஹோஸ் அமுங்கி மீளும். கட்டையாக இறுகியிருந்தாலோ, ஓரத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, ஊதி மெத்தென்று கிடந்தாலோ மாற்றிவிட வேண்டியதுதான். அடுத்தது ரேடியேட்டரின் இரு பக்கமும் இருக்கும் பிளாஸ்டிக் தொட்டிகள். இப்போதைய கார்களில் நடுப்பகுதி அலுமினியம், ஓரத் தொட்டி பிளாஸ்டிக். இரண்டும் சேரும் மடிப்பில்தான் வயதான ரேடியேட்டர் முதலில் ஈரம் காட்டும். வாட்டர் பம்ப்பில் சிறு துளை ஒன்று உண்டு. உள்ளே சீல் தேய்ந்தால் அந்தத் துளை வழியாகச் சொட்டும். அதை எம்-சீல் வைத்து அடைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். பம்ப்பின் ஆயுள் முடிந்தது என்று சொல்லத்தான் அந்தத் துளையே இருக்கிறது.

வெளியே எங்குமே ஈரம் இல்லை, ஆனாலும் மட்டம் குறைகிறது என்றால் விஷயம் பெரிது. முன் இருக்கையின் காலடி விரிப்பு நனைந்து இனிப்பு வாடை வந்தால் ஹீட்டருக்குப் போகும் பாதையில் கசிவு. சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தாலோ, ஆயில் குச்சியில் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அந்த வண்டியை மலைப்பாதைக்கு எடுக்கவே கூடாது. ஹோஸ் மாற்றுவது சில நூறு ரூபாயோடு முடியும். ஹெட்டைக் கழற்றி, லேத்தில் ஃபேசிங் செய்து, கேஸ்கெட் போட்டு மாட்டுவதற்குள் பல ஆயிரம் போய்விடும்.

ஊற்றும் தண்ணீரைப் பற்றியும் விரிவாகவே சொல்ல வேண்டும். "பனி உறையிற ஊரா அண்ணாச்சி இது, கூலன்ட் எதுக்கு? தண்ணியே போதும்" என்ற பேச்சை நம் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் இன்றும் கேட்கலாம். உறைவதைத் தடுப்பது கூலன்டின் வேலைகளில் ஒன்றுதான். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையையும் ஏற்றுகிறது. வெறும் தண்ணீர் திறந்த பாத்திரத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். கூலன்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து, சுமார் 1 பார் அழுத்தம் தாங்கும் நல்ல மூடியும் போட்டிருந்தால் கிட்டத்தட்ட 130 டிகிரி வரை கொதிக்காது. இன்ஜின் சாதாரணமாக ஓடுவதே 85 முதல் 105 டிகிரிக்குள் என்பதால் நமக்கு இருக்கும் இடைவெளி அவ்வளவுதான். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்துவிட்டால் அந்த இடைவெளியும் போய்விடும். வண்டி சூடாகிறது என்று ரேடியேட்டரையே மாற்றியவர்கள், அதற்கு முன் மூடியை மாற்றிப் பார்த்திருக்கலாம்.

இன்னொரு வேலை துருவைத் தடுப்பது. இன்றைய இன்ஜின்களில் ஹெட் அலுமினியம். வெறும் தண்ணீர் அதை அரிக்கும், பம்ப் சீலையும் சீக்கிரம் தேய்க்கும். போர் தண்ணீர் அதைவிட மோசம். வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்புதான் இன்ஜினுக்குள் சூடு அதிகமான இடங்களிலும் படிகிறது. படிந்த இடத்தில் சூடு கூலன்டுக்கு இறங்காது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலமே உள்ள ரேடியேட்டர் குழாய்கள் அதனால் அடைபடும். ஆகவே ஊற்றுவதென்றால் டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட், அதுவும் வண்டியோடு வந்த கையேட்டில் குறிப்பிட்ட வகை. டப்பாவில் ஐஎஸ் 5759 என்ற இந்தியத் தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நேரடியாக ஊற்றத் தயாராகக் கலந்தது ஒன்று, தண்ணீர் சேர்க்க வேண்டிய கெட்டிச் சரக்கு ஒன்று என்று இரண்டு விதமாக விற்கிறது. படிக்காமல் ஊற்றாதீர்கள். நிறத்தைப் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். பச்சை என்றால் இந்த வகை, சிவப்பு என்றால் அந்த வகை என்று எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான விதி எதுவும் இல்லை. வகை மாறிக் கலந்தால் உள்ளே கூழாகக் கட்டிக்கொள்ளக்கூடும்.

கசிவே இல்லாத வண்டியும் சூடாகலாம். எப்போது சூடாகிறது என்பதைக் கவனித்து மெக்கானிக்கிடம் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும். திருநெல்வேலி ரோட்டில் எண்பதில் போகும்போது ஒன்றுமில்லை, ஊருக்குள் வந்து ரத வீதியில் ஊர்ந்தாலோ ரயில்வே கேட்டில் நின்றாலோ சூடு காட்டும் முள் ஏறுகிறது என்றால் ஃபேனைச் சந்தேகப்படுங்கள். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் துணை. வண்டியை ஸ்டார்ட் செய்து ஏசி போட்டால் பெரும்பாலான கார்களில் கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஆட்டோ எலக்ட்ரீஷியன் செய்யும் வேலை இது. ஊருக்குள் சரியாக இருந்து வேகம் பிடித்தால் சூடாகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், கூலன்ட் குறைவு என்று பார்க்க வேண்டும்.

ரேடியேட்டரின் முகத்தில் பூச்சியும் புழுதியும் அடைந்திருக்கும். தறிக்கூடத்தை ஒட்டி வண்டி நிறுத்துபவர்களுக்குப் பஞ்சுத் தூசியும் சேரும். ஆறிய பிறகு சாதாரண குழாய்த் தண்ணீரை இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளும்படி மெதுவாகப் பாய்ச்சிக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸில் அடிக்கும் அழுத்தத்தை நேராக அங்கே காட்டினால் அலுமினிய இதழ்கள் மடங்கிக் காற்றுப் போகும் வழியே அடைந்துவிடும்.

கேரளம் போகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. புளியரை தாண்டி கோட்டவாசல் எஸ் வளைவு, அதன் பிறகு ஆரியங்காவு என்று ஏறும் பாதையில் பாரம் ஏற்றிய லாரிகளின் பின்னால் ஊர்ந்துதான் போக வேண்டும். ஏற்றத்தில் இன்ஜினுக்கு வேலை அதிகம், எதிர்க்காற்று குறைவு. விடியற்காலையில் அந்த ஏற்றத்தைக் கடந்துவிடும்படி ஊரிலிருந்து கிளம்புங்கள். ஏறும்போது ஏசியை அணைத்துவிடுங்கள். மேல் கியரில் இழுக்கவிடாமல் கீழ் கியரில் போங்கள். இன்ஜின் சற்று வேகமாகச் சுற்றினால் பம்ப்பும் வேகமாகச் சுற்றும். முன்னால் போகும் லாரிக்கு இடம் விட்டே போங்கள், அதன் சூட்டுக்காற்று உங்கள் ரேடியேட்டருக்குள் வர வேண்டாம்.

எல்லாம் செய்த பிறகும் வழியில் முள் ஏறினால் முதலில் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து அதன் ஃபேனையும் முழு வேகத்தில் போடுங்கள். கத்திரி வெயிலில் கொடுமைதான், கண்ணாடிகளை இறக்கிவிட்டுச் சில நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் சூட்டில் ஒரு பகுதி அந்த வழியாக வெளியேறும். முள் இறங்கவில்லையென்றால் ஓரம் கட்டுங்கள். சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஆவி வந்தாலோ இன்னும் ஒரு கிலோமீட்டரில் கடை வரும், ஊர் வரும் என்று ஓட்டாதீர்கள். உடனே நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஹெட் வளைவதும் பிஸ்டன் பிடித்துக்கொள்வதும் அந்த ஒரு கிலோமீட்டரில்தான் நடக்கிறது. இன்னொரு ஆபத்தும் உண்டு. கூலன்ட் முழுக்க வடிந்துவிட்டால் சூட்டை அளக்கும் சென்சார் திரவத்தில் மூழ்காமல் காற்றில் நிற்கும். அப்போது முள் இறங்கிவிட்டதுபோல் தவறாகக் காட்டலாம். ஆவி பறந்த பிறகு முள் கீழே வந்தால் அதை நம்பி ஓட்டவே கூடாது. முள்ளே இல்லாத புதிய கார்களில் நீல விளக்கு இன்ஜின் குளிர்ந்திருப்பதையும் சிவப்பு விளக்கு சூடானதையும் காட்டும்.

நிறுத்தியதும் எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள். குழந்தைகளையும் பெரியவர்களையும் இறக்கி, சாலையை விட்டு விலகி நிழல் இருக்கும் இடத்தில் உட்காரவையுங்கள். வண்டிக்குத் தண்ணீர் தேடுவதற்கு முன் அவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் என்றால் 1033-க்குப் பேசலாம். யாருக்காவது வெந்நீர் பட்டுவிட்டால் 108.

ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கூலன்ட், மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்துக்கும் மார்புக்கும் அடிக்கும். துண்டு போட்டுத் திறக்கலாம் என்பார்கள். அந்தத் துண்டைத் தாண்டித்தான் பலர் கை வெந்திருக்கிறது. குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் முக்கால் மணி நேரம் பொறுங்கள். மேல் ஹோஸ் கை வைக்கும் சூட்டுக்கு வந்து, அமுக்கினால் தளர்ந்து கொடுத்த பிறகே மூடிக்குப் போகலாம். அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும் வண்டிகள் உண்டு. ஆகவே முந்தானை, துப்பட்டா, துண்டு எதுவும் அருகே தொங்கக் கூடாது. சூடான இன்ஜின் மேல் குடத்துத் தண்ணீரைக் கவிழ்க்காதீர்கள், உலோகம் விரிசல் விடும். கையில் கூலன்ட் இல்லையென்றால் அவசரத்துக்குக் கேன் குடிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை மெதுவாகப் போகலாம். ஊற்ற ஊற்றக் கீழே கொட்டினால் மேற்கொண்டு ஓட்டாமல் வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் இரண்டு யோசனைகளுக்குத் தலையாட்ட வேண்டாம். ஒன்று, "தெர்மோஸ்டாட்டைத் தூக்கிருவோம், நம்ம ஊருக்கு அது வேண்டாம்" என்பது. அதைக் கழற்றினால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரமாகும், எரிபொருள் அதிகம் குடிக்கும், தேய்மானம் கூடும். சில இன்ஜின்களில் கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் போகாமல் குறுக்கு வழியிலேயே சுற்றி, சூடு கூடவும் செய்யும். கெட்டுப்போனால் புதிது போடுங்கள். மற்றொன்று, கசிவை அடைக்க மஞ்சள்தூள் போடுவது. நடுக்காட்டில் மாட்டிக்கொண்ட லாரிக்காரர் ஊர் சேர்வதற்காகச் செய்த வைத்தியம் அது. அவருடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் வண்டிக்கு அதைச் செய்வது அநியாயம். ஓட்டையை அடைக்கும் அதே தூள் மெல்லிய குழாய்களையும் ஹீட்டரையும் அடைக்கும்.

இதையெல்லாம் இப்போது பார்த்துவைத்தால் சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழாவுக்கும் உதவும். வெளியூர் வண்டிகள் குவிந்து ஊருக்குள் மணிக்கணக்கில் ஊரும் அந்த நாளில் ஃபேன் ஓடாத வண்டி நிச்சயம் நின்றுவிடும்.

பழைய கூலன்டை இறக்கும்போது சாக்கடையிலோ தெருவிலோ விடச் சம்மதிக்காதீர்கள். அது விஷம். இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கும், குழந்தையும் வாயில் வைக்கும். கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெடும், உயிரும் போகலாம். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். மீந்த கூலன்டைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிவைக்காதீர்கள். அது வந்த டப்பாவிலேயே மூடி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இறக்கிய பழையதைக் கேனில் பிடித்து, கழிவு ஆயிலோடு கலக்காமல் தனியாக, சர்வீஸ் சென்டரில் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுங்கள்.