உடற்குறையும் உளநிறைவும்



கண்ணிழந்தோரும், காலிழந்தோரும், கூனுடையோரும், செவிப்புலன் அற்றோரும் தம் குறையினால் அடையும் துன்பம் ஒன்று. அக்குறையைப் பற்றி ஊரார் பேசும் பேச்சினால் அடையும் துன்பம் மற்றொன்று. "முற்பிறப்பில் செய்த பாவம், இப்பிறப்பில் அனுபவிக்கிறான்" என்னும் சொல் நாளடைவில் அவர் நெஞ்சிலேயே குடிபுகுந்துவிடுகிறது. பிறர் இகழ்வதை நிறுத்திய பின்னும், தம்மைத் தாமே இகழ்வதை அவர் நிறுத்துவதில்லை. இந்நோய்க்குத் தம்மத்தில் மருந்து உண்டா என்பதே இன்றைய பாடம்.

மலைமேலும் மலையடியிலும்

திருப்பதியில் அலிபிரி அடிவாரத்திலிருந்து திருமலைக்கு ஏறத்தாழ 3,550 படிகள் உள்ளன. நேர்த்திக்கடனாகச் சில படிகளை முழங்காலாலேயே ஏறுவோரும் உளர். நடக்க இயலாதோர் பேருந்தில் மேலே செல்கின்றனர். அவர்க்கெனத் தேவஸ்தானம் தனி வரிசையும் வைத்திருக்கிறது. அவருட் பலர் வேண்டும் வரம், தம் குறை நீங்க வேண்டும் என்பதே. அவ்வேண்டுதலை எள்ளி நகையாடுதல் நமக்கு அழகன்று.

அதே தேவஸ்தானம் நடத்தும் 'பர்டு' என்னும் எலும்பு மருத்துவமனை மலையடியில் இருக்கிறது. இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பியோர்க்கு அறுவை மருத்துவமும், காலிழந்தோர்க்குச் செயற்கைக் காலும் அங்கே கிடைத்து வந்துள்ளன. மலைமேல் வேண்டுதல், மலையடியில் மருத்துவம். இவ்விரண்டாலும் நீங்காத குறை நம்மோடு நின்றுவிட்டால் அதனோடு எவ்வாறு வாழ்வது? இதுவே கேள்வி.

இக்கேள்விக்கு வாழ்ந்து விடை கூறியோர் பிற சமயங்களிலும் உளர். இராமாநுசரின் மாணவராகிய கூரத்தாழ்வான் சோழன் அவையில் கண்ணிழந்தார் என்று வைணவ குருபரம்பரை கூறும். காஞ்சி வரதரிடம் கண்ணை வேண்டிப் பெறுமாறு ஆசிரியர் பணித்தபோது, தாம் கண்ணிழக்கக் காரணமாயிருந்த நாலூரானுக்கும் தமக்குக் கிட்டும் பேறே கிட்டவேண்டும் என்று அவர் வேண்டினாராம். குறை நின்றது, மனம் குறைவுபடவில்லை.

எல்லாம் முன்வினையா?

இராசகிருகத்து வேணுவனத்தில் மோளியசீவகர் என்னும் துறவி பகவன் புத்தரை அணுகி, "மனிதன் அடையும் இன்ப துன்பம் யாவும் முன்செய்த வினையின் பயனே என்று சிலர் சொல்கின்றனரே, தாங்கள் யாது சொல்கிறீர்?" என்று வினவினார். பகவன் எட்டுக் காரணங்களை எடுத்துரைத்தார்: பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாறுதல், உடலைப் பேணுவதில் நேரும் முறைகேடு, பிறரால் நேரும் தாக்குதல், வினைப்பயன். எட்டனுள் வினை ஒன்றே ஒன்று! எல்லாவற்றையும் முன்வினை மேல் ஏற்றுவோர், கண்கூடாக அறிந்ததையும் உலகம் ஒப்பிய உண்மையையும் கடந்து பேசுகின்றனர் என்று அவர் மறுத்துரைத்த செய்தி சம்யுத்த நிகாயத்தில் உள்ளது.

நம் காலத்துச் சான்று ஒன்று காண்போம். இளம்பிள்ளை வாதம் முன்வினைப் பயன் என்றே நம் பாட்டிமார் நம்பினர். 1995 முதல் நாடெங்கும் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து ஊட்டப்பட்டது. 2011 சனவரிக்குப் பின் இயற்கையாய்ப் பரவும் அக்கிருமியால் இந்நாட்டில் ஒரு குழந்தையும் முடமாகவில்லை. 2014 மார்ச் 27-இல் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்று வழங்கியது. இரண்டு சொட்டு மருந்து ஒரு தலைமுறையின் பாவத்தையா கழுவிற்று? இல்லை, கிருமியைத் தடுத்தது.

நான் பாடுபட்ட பஞ்சாலையில் பற்சக்கரத்தில் சிக்கி விரலிழந்த தொழிலாளரைக் கண்டிருக்கிறேன். "அவன் தலைவிதி" என்றார்கள். சக்கரத்துக்கு மூடி இல்லை என்று சொல்வார் இல்லை. விதி என்ற சொல், விரலிழந்தவனைக் குற்றவாளியாக்கி மூடி போடாதவனைக் காப்பாற்றிற்று.

"உரைநூல்களிலேயே முற்பிறப்புக் கதைகள் உள்ளனவே" என்று ஒருவர் கேட்கலாம். உள்ளன. கூனியாகிய குஜ்ஜுத்தரை, முன்பிறப்பில் முதுகு வளைந்த ஒரு பெரியாரைப் போல் நடந்து காட்டி நகைத்தாள் என்று ஒரு கதை உண்டு. அக்கதை எச்சரிப்பது யாரை? கூனரையன்று, கூனரைக் கண்டு நகைப்போரை. அதைக் கொண்டே கூனரை இகழ்பவன், கதையிற் கண்டித்த குற்றத்தையே மீண்டும் செய்கிறான்.

உயர்ந்த இருக்கையில் கூனி

அக்குஜ்ஜுத்தரை கோசாம்பி நகரில் சாமாவதி அரசியின் அடிமைப்பெண். பூ வாங்கக் கொடுக்கும் காசில் பாதியை மறைத்து வந்தவள், பகவனின் போதனையைக் கேட்ட அன்று முழுக் காசுக்கும் பூ வாங்கி வந்தாள். அரசி வியந்து கேட்க, உண்மையை ஒளியாமல் உரைத்தாள். அரசியும் தோழியரும் அவளை உயர்ந்த இருக்கையில் அமர்த்தித் தாம் கீழிருந்து தம்மம் கேட்டனர். கேள்வியறிவு மிக்க உபாசிகையருள் தலையாயவள் என்று பகவனே அவளைச் சிறப்பித்தார். 'இதிவுத்தகம்' என்னும் நூல் அவள் கேட்டு நினைவிற் கொண்டு சொன்னது என்பது மரபு. கூன் நிமிரவில்லை, அவள் நிமிர்ந்தாள்.

இலகுண்டக பத்தியர் குள்ள உருவினர். தோற்றத்தால் பிக்ஷுக்களே அவரை மதிக்கவில்லை. பகவன் அவர்கட்கு அவரைச் சுட்டிக்காட்டி, வீடுபேற்றை எய்திய ஆற்றலாளர் இவர் என்று அறிவித்தார். இன்குரலுடையோருள் முதல்வர் என்றும் பாராட்டினார். உருவத்தையும் குரலையும் கொண்டு தம்மை அளப்போர் தம்மை அறியாதோரே என்பது அவர் தேரகாதையில் விட்டுச் சென்ற கருத்து.

ஏற்றுக்கொள்ளுதல் எது?

முதுமையாலும் பிணியாலும் நொந்த நகுலபிதா என்னும் இல்லறத்தாருக்கு, உடல் நோயுற்றாலும் உள்ளம் நோயுறாதபடி பயில்க என்று பகவன் அறிவுறுத்தினார். உடலை 'நான்' என்று பற்றுவதே நோய் உள்ளத்திற் புகும் வாயில். இது குறையுடையோர்க்கு மட்டும் சொன்ன ஆறுதலன்று. கட்டுடல் கொண்டு செருக்குவோனும், கால் சூம்பியதென்று கூசுவோனும் பற்றியிருப்பது ஒரே பிழையையே.

ஏற்றுக்கொள்ளுதல் என்பது கையைக் கட்டிக்கொண்டு கிடப்பதன்று. மருந்து உண்டெனில் உண்க. ஊன்றுகோல் உதவுமெனில் ஊன்றுக. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, கல்வியிலும் அரசு வேலையிலும் இடம் வகுத்துள்ளது. அதைக் கேட்டுப் பெறுக. கேட்பது பிச்சையன்று, உரிமை.

சங்கத்தாருக்கும் கடமை உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரன் மதுரையில் ஓடேந்திப் பெற்ற உணவை, பார்வையும் செவியும் காலும் இழந்தோரை அழைத்து முதலில் ஊட்டி, மிச்சத்தையே உண்டான். நம் தம்மக் கூட்டத்தில் அவர்க்கு முதலிடம் உண்டா? வாயிற்படி அவரைத் தடுக்கிறதா?

சிந்திக்க:

1. எட்டுக் காரணங்களுள் நாம் எளிதில் மறப்பவை எவை? ஏன்?
2. "பாவம்" என்று ஒருவரைப் பார்த்துச் சொல்லும்போது நம் மனத்தில் இருப்பது அன்பா, உயர்வெண்ணமா?
3. குஜ்ஜுத்தரையைப் போல் நம்மூரில் உயர்ந்த இருக்கையில் அமர்த்தத் தக்கவர் யார்?

எல்லா உயிர்களும் நலம் பெறுக!