வெள்ளாற்றங்கரையும் டெல்லிப் பணமும்

வெள்ளாற்றில் தண்ணீர் ஏறினால் புவனகிரி டீக்கடைகளில் ஒரே பேச்சுதான்: "பேரூராட்சி ஒழுங்கா டெல்லிக்கு எழுதிப் போட்டா கரை கட்டப் பணம் வராதா?"

வராது. ஆறும் கரையும் அரசமைப்புச் சட்டப்படி மாநிலப் பட்டியலில் இருப்பவை. வெள்ளாற்றுக் கரை நீர்வளத் துறையின் பொறுப்பு. பேரூராட்சியின் பங்கு தெருவோர மழைநீர் வடிகாலோடு சரி. மன்றத்தில் தீர்மானம் போடலாம், அமைச்சரிடம் மனு கொடுக்கலாம். ஆனால் விரிவான திட்ட அறிக்கையை நீர்வளத் துறை தயாரித்து, அது மத்திய நீர் ஆணையத்தின் பரிசீலனையில் தேறினால்தான் பணப் பேச்சே தொடங்கும். அப்போதும் முழுத் தொகை கிடைக்காது. வெள்ள மேலாண்மைத் திட்டத்தில் மத்திய அரசு 60 சதவீதம் தந்தால், மீதி 40 மாநிலத்தின் தலையில்.

"ஃபெஞ்சல் புயலுக்கு 944 கோடி வந்துச்சே, அது எங்கே?" இது அடுத்த கேள்வி. 2024 டிசம்பர் 6-இல் விடுவித்த 944.80 கோடி, புயலுக்கென்று தனியாகக் கொடுத்ததல்ல. மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு ஆண்டுதோறும் தரவேண்டிய பங்கின் இரண்டு தவணைகள். தமிழ்நாடு உடனடியாகக் கேட்டது 2,000 கோடி. தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து ஒப்புதல் கிடைத்தது 2025 ஏப்ரலில்: 522.34 கோடி.

அந்தப் பணத்தில் கரையும் கட்ட முடியாது. உடைப்பு விழுந்த இடத்தில் சவுக்குக் கழி அடித்து மணல் மூட்டை அடுக்குகிறோமே, அதுபோன்ற அவசர வேலைக்குத்தான் நிவாரண நிதி. வெள்ள அபாயத்தை முன்கூட்டியே குறைக்கும் வேலைகளுக்குத் தணிப்பு நிதி என்று வேறு கணக்கு இருக்கிறது. 15-வது நிதிக்குழு நிவாரணத்துக்கு 80 பங்கும் தணிப்புக்கு 20 பங்கும் ஒதுக்கியது. என் பார்வையில் இது தலைகீழ்க் கணக்கு. 2023 டிசம்பரில் சென்னை வெள்ளத் தடுப்புக்கு ஒப்புதலான 561.29 கோடித் திட்டம் இந்தத் தணிப்புக் கணக்கில் வந்ததே.

"தேசியப் பேரிடர்னு அறிவிச்சா கொட்டும்" என்பதும் வீண் நம்பிக்கை. அப்படி அறிவிக்க விதியே இல்லை.

கரையை இரண்டடி உயர்த்தினால் ஊர் தப்பும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீராணம் ஏரியின் உபரி நீரில் ஒரு பகுதியும் சேத்தியாத்தோப்பு அருகே வெள்ளாற்றில் விழுகிறது. பரங்கிப்பேட்டை முகத்துவாரத்தில் கடல் ஏறியிருந்தால் ஆறு வடியாது. ஆறு நிறைந்திருக்கையில் தெருத் தண்ணீருக்கும் போக்கிடமில்லை. சேத்தியாத்தோப்பிலிருந்து கடல் வரை ஒரே திட்டமாகப் பார்க்காத அறிக்கை டெல்லி போனாலும் பயனில்லை.

வெள்ளாற்றுக்கு அப்படியொரு திட்ட அறிக்கை இருக்கிறதா, எந்த அலுவலக மேசையில் கிடக்கிறது? 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் நீர்வளத் துறையைக் கேளுங்கள். ஐப்பசி பிறக்கும் முன்பே கேளுங்கள்.