இறந்தவரை எழுப்பாத மாயம்

நம்பிக்கை: குழந்தைக்குச் சாவு புரியாது. அதைப் பற்றிய கதை எதற்கு?

உண்மை: இறந்தவர் திரும்பி வரமாட்டார், அவருக்கு இனிப் பசிக்காது, வலிக்காது என்பதெல்லாம் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடுகிறது. அதற்கும் சின்னவர்கள் நாம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். "தாத்தா தூங்குறார்" என்று சொல்லிவைத்தால், அன்றிரவு பிள்ளை படுக்கவே பயப்படலாம். "ஊருக்குப் போயிருக்கார்" என்றால் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்.

நம்பிக்கை: சரி, நிஜத்தைச் சொல்லும் கதை போதாதா? பேசும் மரமும் மாய உலகமும் துக்கத்திலிருந்து தப்பி ஓடத்தானே?

உண்மை: இப்படிக் கேட்பவர்கள் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' நாவலைப் புரட்டிப் பார்க்கலாம். ஷிவோன் டௌட் யோசித்துவைத்திருந்த கதை அது. மார்பகப் புற்றுநோயால் 2007இல் அவர் இறந்துவிட, அந்தக் கருவை வைத்து பேட்ரிக் நெஸ் எழுதினார், 2011இல் வெளிவந்தது. கானர் என்ற 13 வயதுப் பையனின் அம்மாவுக்குப் புற்றுநோய். நள்ளிரவு தாண்டி ஏழாவது நிமிடத்தில், வீட்டுக்குப் பின்னால் கல்லறைத் தோட்டத்தில் நிற்கும் யூ மரம் பூதமாக எழுந்து வருகிறது. மூன்று கதை நான் சொல்வேன், நான்காவதை நீ சொல்ல வேண்டும் என்கிறது. அம்மாவுக்குக் கடைசியாகக் கொடுத்துப் பார்க்கும் மருந்தும் யூ மரத்திலிருந்து எடுத்ததே. (இது கற்பனையல்ல. பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்து முதலில் யூ மரப்பட்டையிலிருந்துதான் கிடைத்தது.) மரம் அம்மாவைப் பிழைக்கவைக்க வந்திருக்கிறது என்று கானரோடு சேர்ந்து நாமும் நம்பத் தொடங்குகிறோம். மருந்து பலிக்கவில்லை. அம்மா இறந்துபோகிறார்.

பூதம் வந்தது பையனுக்காக. இந்த அவஸ்தை எப்படியாவது முடிந்தால் தேவலை என்று அவன் உள்ளூர நினைத்திருக்கிறான். அதுதான் அந்த நான்காவது கதை. அம்மா பிழைக்க வேண்டும், இது முடிந்து தொலையவும் வேண்டும், இரண்டும் ஒரே மனசில். படுத்த படுக்கையாகக் கிடந்தவரை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்ட பெரியவர்களே வாய்விட்டுச் சொல்லக் கூசும் விஷயம். துக்கம் விசாரிக்க வரும் மாமாவிடம் ஒரு பையன் இதைச் சொல்வானா? மரத்திடம் சொல்லலாம். மரம் போய் யாரிடமும் வத்தி வைக்காது.

நம்பிக்கை: நல்ல புத்தகமாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தால் பிள்ளை தேறிவிடும்.

உண்மை: அப்படியெல்லாம் இல்லை. காரியம் முடிந்த கையோடு புத்தகத்தைத் திணிக்கவும் வேண்டாம். எல்லாக் கதையும் எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. ஸ்வீடன் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரெனின் 'தி பிரதர்ஸ் லயன்ஹார்ட்' (1973) கதையில், இறந்துபோன அண்ணனும் தம்பியும் நங்கியாலா என்ற மாய நாட்டில் மறுபடி சேர்கிறார்கள். முடிவில் அங்கிருந்து இன்னொரு உலகுக்குப் போவதற்காக, உடம்பு செயலிழந்த அண்ணனை முதுகில் சுமந்தபடி தம்பி பள்ளத்தில் குதிக்கிறான். தற்கொலைக்கு அழகு சேர்க்கிறது என்று இதன்மேல் கடுமையான விமர்சனம் உண்டு. எனக்கு மிகப் பிடித்த கதை. ஆனாலும் அண்ணனையோ அக்காவையோ அண்மையில் பறிகொடுத்த பிள்ளையிடம் இதைக் கொடுத்துவிட்டு நான் எழுந்து போக மாட்டேன். "நானும் செத்தா அவனைப் பார்க்கலாமா?" என்று அது கேட்கும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருந்தாக வேண்டும்.