குற்றாலச் சாரலும் சமுத்திரத்தின் உஷ்ணமும்

தென்காசி வட்டாரத்தில் கார் சாகுபடி செய்யும் குடியானவன் ஆண்டுதோறும் வைகாசிக் கடைசியில் மேற்றிசையை நோக்குகிறான். திரிகூடமலையின்மீது மேகம் கவிந்து, குற்றாலத்தில் அருவி விழுந்து, சிற்றாற்றில் நீர் வந்தால்தான் அவன் நாற்றங்கால் விடலாம். சாரல் தவறினால் விதையும் கூலியும் நஷ்டமாவதோடு, சங்கத்தில் வாங்கிய கடனும் தவணை கடந்து நிற்கும். அவன் நோக்கும் மலை மழையைத் தடுத்துத் தருகிறதேயன்றி, மழை பிறக்குமிடம் அதுவன்று. மழை பிறக்குமிடம் சமுத்திரம். சமுத்திரத்தின் உஷ்ணமும் நீரோட்டங்களும் ஓர் ஊரின் சீதோஷ்ண நிலையை எவ்விதம் அமைக்கின்றன என்பதை விவசாயிகள் அறிந்திருத்தல் நலம்.

நிலமும் நீரும்

ஒரே எடையுள்ள உலர்ந்த மண்ணையும் நீரையும் ஒரே அளவுக்குச் சூடேற்ற வேண்டுமாயின், மண்ணைவிட நீருக்கு ஏறக்குறைய ஐந்து மடங்கு உஷ்ணம் தேவை. மேலும், வெயில் மண்ணின் மேற்பரப்பை மட்டுமே சுடுகிறது; கடலிலோ அலைகள் நீரைக் கலக்குவதால் உஷ்ணம் ஆழத்திற்கும் பரவுகிறது. ஆகையால் நிலம் விரைவில் சூடேறி விரைவில் ஆறும். கடல் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். நண்பகலில் குளத்தங்கரை மணல் காலைச் சுடும்போது குளத்து நீர் குளிர்ந்திருப்பதும், விடியற்காலையில் அந்நீர் வெதுவெதுப்பாக இருப்பதும் இதனாலேயே.

சித்திரை, வைகாசி மாதங்களில் வட இந்திய நிலப்பரப்பு மிகவும் சூடேறுகிறது. அங்குள்ள காற்று இலேசாகி மேலெழ, அவ்விடத்தை நிரப்பத் தென் சமுத்திரத்திலிருந்து காற்று புறப்படுகிறது. பூமத்திய ரேகையைக் கடந்ததும், பூமியின் சுழற்சியால் அது வலப்புறமாகத் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது. மே மாதத்தில் அரபிக்கடலின் மேற்பரப்பு சுமார் 30 டிகிரி செண்டிகிரேட் உஷ்ணம் அடைந்திருக்கும். அதன்மீது வரும் காற்று ஏராளமான நீராவியைச் சுமந்து, சாதாரணமாக ஜூன் மாதம் 1ஆம் தேதியையொட்டிக் கேரளக் கரையை அடைகிறது.

மலையும் கணவாயும்

நீராவி நிறைந்த காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலேறும்போது குளிர்ச்சியடைகிறது. நீராவி துளிகளாகிப் பெருமழை பெய்கிறது. மலையைக் கடந்து கீழிறங்கும் காற்றோ மீண்டும் சூடாகி வறண்டுவிடுகிறது. பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் ஆடி மாதத்தில் காற்று பலமாக வீசியும் மழை மிகக் குறைவாயிருப்பதன் காரணம் இதுவே.

அவ்விதமாயின், மலைக்குக் கிழக்கேயுள்ள குற்றாலத்திற்கும் தென்காசிக்கும் மட்டும் சாரல் எங்ஙனம் கிட்டுகிறது? கொல்லத்திற்குச் செல்லும் இருப்புப் பாதை போகும் ஆரியங்காவுக் கணவாயருகில் மலைத்தொடர் தாழ்ந்திருக்கிறது. அவ்வாயில் வழியே ஈரக்காற்றும் மேகமும் முற்றும் வறளாமல் கிழக்கே பாய்கின்றன. மலையுச்சியில் பெய்த மழை அருவியாக இறங்குகிறது. எஞ்சிய ஈரம் சாரலாகத் தூவுகிறது. கணவாயைவிட்டுக் கிழக்கே செல்லச்செல்லச் சாரல் குறைந்து, காற்று மட்டுமே மிஞ்சுகிறது.

நீரோட்டங்களின் வேலை

கடல் அருகிலிருந்தால் மட்டும் போதாது. அதன் உஷ்ணமும் முக்கியம். தென் அமெரிக்காவில் பெரு தேசத்தின் தலைநகராகிய லீமா சமுத்திரக் கரையிலேயே இருப்பினும், அங்கே மழை என்பது மிக அரிது. தெற்கேயிருந்து குளிர்ந்த நீரோட்டம் அக்கரையோரமாக ஓடுவதே காரணம். குளிர்ந்த நீரின் மேலுள்ள காற்று கனத்து, மேலெழாமல் தங்கிவிடுவதால் மூடுபனி உண்டாகிறதேயன்றி மழையில்லை. இதற்கு மாறாக, வட ஐரோப்பாவின் மேற்குக் கரையை உஷ்ண நீரோட்டம் அணுகுவதால், நார்வே தேசத்துத் துறைமுகங்கள் மாரிக்காலத்திலும் உறைவதில்லை.

அரபிக்கடலில் சோமாலியக் கரையோர நீரோட்டம் ஆண்டிற்கு இருமுறை திசை மாறுகிறது. தென்மேற்குக் காற்று வீசும்போது அது வடக்கு நோக்கி ஓட, கரையோரத்தில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. கேரளக் கரையிலும் ஓரளவு இவ்வாறு நிகழ்கிறது. அந்நீருடன் வரும் சத்துக்களால் மத்தி மீன் பெருகுகிறது.

தூரத்துச் சமுத்திரமும் தென்காசியும்

1904 முதல் 1924 வரை இந்திய வானிலை இலாகாவின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், பசிபிக் சமுத்திரத்திலும் இந்து மகா சமுத்திரத்திலும் காற்றழுத்தம் தராசுத் தட்டுகளைப்போல் மாறிமாறி ஏறியிறங்குவதைக் கண்டார். பசிபிக்கின் நடுவிலும் கிழக்கிலும் நீர் வழக்கத்திற்கு மேல் சூடாவதை எல் நினோ என்பர். அக்காலத்தில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குன்றுகிறது. 2002ஆம் ஆண்டு இந்தியா முழுவதற்குமான பருவமழை சராசரியைவிட 19 சதவீதமும், 2015ஆம் ஆண்டு 14 சதவீதமும் குறைந்தன.

ஆயினும் இது மாறாத விதியன்று. 1997ஆம் ஆண்டு எல் நினோ மிகக் கடுமையாயிருந்தும் மழை குறையவில்லை. இந்து மகா சமுத்திரத்தின் மேற்குப் பாகம் சூடேறிக் கிழக்குப் பாகம் குளிர்ந்திருந்தது அதற்கு உதவியது என்பர். இந்த இருமுனை மாற்றத்தை 1999ஆம் ஆண்டில்தான் விஞ்ஞானிகள் விளக்கினர்.

தமிழ்நாட்டார் கவனிக்க வேண்டியது மற்றொன்று. எல் நினோ தென்மேற்கு மழையைக் குறைத்தாலும், ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்கு மழையைப் பலமுறை பெருக்குகிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது எல் நினோ ஆண்டிலேயே. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்காசி உள்ளிட்ட தென் மாவட்டங்களில் பெருவெள்ளம் வந்து, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்ததும் அத்தகைய ஆண்டிலேயே. இதற்கு மாறாக, 2016ஆம் ஆண்டு எல் நினோ நீங்கியபின், தமிழ்நாட்டின் வடகிழக்கு மழை 62 சதவீதம் குறைந்து பயிர்கள் கருகின. ஆகவே கார் போனால் பிசானமும் போகும் என்று மனம் தளர வேண்டியதில்லை. கார் நன்கு விளைந்தது என்று பிசானத்திற்கு அசட்டையாயிருப்பதும் தகாது.

1951க்கும் 2015க்கும் இடையில் இந்து மகா சமுத்திரத்தின் உஷ்ண மண்டலப் பகுதி சராசரியாக 1 டிகிரி சூடேறியுள்ளது. கடல் சூடேறச்சூடேறக் காற்று மிகுதியான நீராவியைச் சுமக்கும். ஆதலின் நெடுநாள் காய்ச்சலும் ஒரு நாட் பெருமழையும் அதிகரிக்கக்கூடும்.

விவசாயிகள் செய்யத்தக்கவை

1. வானிலை இலாகா ஏப்ரல் மாதத்திலும், திருத்தமாக மே மாத இறுதியிலும் வெளியிடும் பருவமழை முன்னறிவிப்பைச் சங்கத்தில் படிக்கச் செய்து கேட்டறிக. அது தேசம் முழுவதற்கும் உரியது. ஓர் ஊருக்குரிய வாக்குறுதியன்று.

2. முதற்சாரலை மட்டும் நம்பி நாற்றங்கால் விடற்க. சிற்றாற்றின் ஓட்டத்தையும் குளத்து இருப்பையும் பார்த்தபின் விடுக. சந்தேகமான ஆண்டில் குறுகிய காலத்தில் விளையும் நெல்லைத் தேர்ந்து, பரப்பையும் குறைத்துக்கொள்க.

3. கார் தவறிய ஆண்டில் வயல் வேலை குறைவு. அந்நாட்களில் குளத்து வரத்துக் கால்களைத் தூர் வாரி, கலிங்கையும் மடையையும் பழுது பார்த்தால், ஐப்பசியில் வரும் நீர் வீணாகாது. பெருவெள்ளத்தில் கரையும் உடையாது.

4. கடன் தவணையை அறுவடைக்கு ஏற்ப முன்னதாகவே பேசி அமைத்துக்கொள்க. பயிர்க் காப்பீட்டுப் பணத்தைக் கடைசி நாளுக்கு முன்பே செலுத்துக.

5. ஊர்தோறும் ஒரு மழைமானி வைத்து, நாள்தோறும் அளவைக் குறித்து வருக. பத்தாண்டுக் குறிப்பு சேருமாயின், தங்கள் ஊருக்குச் சாரல் எந்த வாரத்தில் நிலைபெறுகிறது என்பதைக் குடியானவர்கள் தாங்களே கண்டுகொள்வர்.

சமுத்திரத்தின் போக்கை மாற்றுவது ஒருவர் கையிலில்லை. வரும் நீரைத் தேக்குவதும், விதைக்கும் நாளைத் தேர்வதும், கடனை அளவறிந்து வாங்குவதும் கிராமத்தார் கையிலேயே உள்ளன.