ஒரே டீம், ரெண்டு ஆல்பம்: பீட்டில்ஸின் கடைசி வருஷம் சொல்லித்தரும் பாடம்

பீட்டில்ஸ் ஏன் பிரிஞ்சாங்கன்னு யாரைக் கேட்டாலும் ஒரு பதில் ரெடியா இருக்கும். "யோகோ ஓனோ வந்தாங்க, எல்லாம் போச்சு" என்பது அதில் ரொம்பப் பழைய பதில். ஆனால் அவர்கள் கடைசியாக வெளியிட்ட 'லெட் இட் பி' ஆல்பம் எப்படி உருவானது என்று பார்த்தால், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ணும் எல்லாருக்கும் பரிச்சயமான வேறொரு காரணம் கண்ணில் படும்: முடிவு எடுக்க ஆள் இல்லை.

பின்னணி, சுருக்கமா

ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார். நாலு பேரும் லிவர்பூல்காரர்கள். 1966 ஆகஸ்டோடு டூர் போவதையே நிறுத்திவிட்டார்கள். 1967 ஆகஸ்டில் அவர்களுடைய மேனேஜர் பிரையன் எப்ஸ்டைன் இறந்துபோனார். ஒப்பந்தம், பணம் எல்லாத்தையும் பார்த்துக்கிட்டவர் அவர்தான். அதற்குப் பிறகு பால்தான் வேலையை இழுத்துக்கிட்டு ஓடினார். மத்தவங்களுக்கு அது நாட்டாமை பண்ணுற மாதிரி தெரிஞ்சது. இந்த நிலைமையிலதான் புது ஆல்பம் ஆரம்பிக்குது.

ஸ்பெக் முடிவாகாத ப்ராஜெக்ட்

1969 ஜனவரி 2, லண்டன் ட்விக்கன்ஹாம் ஃபிலிம் ஸ்டூடியோ. திட்டம் இதுதான்: புதுப் பாட்டுகளை ரிகர்சல் பண்ணணும், ரசிகர்கள் முன்னாடி நேரடியா வாசிக்கணும், எல்லாத்தையும் கேமராவில் பிடிச்சு டிவியில் காட்டணும். முக்கியமான விதி ஒன்று, ஓவர்டப் கிடையாது. அதாவது ஒரு தடவை சேர்ந்து வாசித்ததன் மேல் பிறகு வேறு லேயர் எதுவும் ஏற்றக் கூடாது.

ஆனால் எங்கே வாசிக்கிறது? லிபியாவில் இருக்கும் ஒரு பழைய ரோமானிய அரங்கம் என்றார்கள், ஒரு கப்பல் என்றார்கள். யாரும் உறுதியா சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. இன்னொரு பக்கம் ரிங்கோ சீக்கிரமே ஒரு சினிமாவில் நடிக்கப் போகணும், அதனால டெட்லைன் மட்டும் ரொம்பத் தெளிவு! ரெக்கார்டிங்குக்காகக் கட்டப்படாத ஒரு ஷூட்டிங் ஃப்ளோரில், காலையிலேயே வந்து, கேமரா முன்னாடி பாட்டு எழுதணும்.

ஜனவரி 10-ம் தேதி ஜார்ஜ் கிளம்பிட்டார். அவரிடம் நல்ல பாட்டுகள் சேர்ந்துகொண்டே இருந்தன, ஆல்பத்தில் இடம் கிடைக்கவில்லை. அந்த ஜனவரியில் ரிகர்சல் பண்ணிக் கைவிட்ட 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்' பாட்டின் பெயரையே 1970-ல் தன் மூணு இசைத்தட்டு சோலோ ஆல்பத்துக்கு வைத்தார்.

ஒரு கீபோர்டு பிளேயர் பண்ணிய வேலை

டிவி நிகழ்ச்சி வேண்டாம், இடத்தையும் மாத்தணும் என்ற பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஜார்ஜ் திரும்பி வந்தார். புது இடம், சாவில் ரோ 3-ம் நம்பரில் அவர்களுடைய ஆப்பிள் கம்பெனியின் பேஸ்மென்ட். அங்கே 'மேஜிக் அலெக்ஸ்' என்று அழைக்கப்பட்டவர் பெரிய பெரிய வாக்குறுதி கொடுத்துக் கட்டிய ஸ்டூடியோ எதுக்கும் உதவலை. கண்ட்ரோல் ரூமுக்கும் ஸ்டூடியோவுக்கும் நடுவில் கேபிள் போக ஒரு ஓட்டைகூட விடலையாம்! கடைசியில் இ.எம்.ஐ.யிலிருந்து கருவிகளைக் கடன் வாங்கித்தான் வேலை நடந்தது.

ஜனவரி 22-ல் அமெரிக்க கீபோர்டு கலைஞர் பில்லி பிரெஸ்டன் வந்து சேர்ந்தார். விருந்தாளி முன்னாடி வீட்டுச் சண்டை அடங்குமே, அப்படி அடங்கியது. டெக்னிக்கலாவும் ஒரு காரணம் உண்டு. ஓவர்டப் இல்லை என்றால் ஒரே நேரத்தில் எல்லாத்தையும் வாசிக்க நாலு ஜோடிக் கை போதாது. அந்த இடைவெளியை பிரெஸ்டன் நிரப்பினார். எட்டாவது நாள், ஜனவரி 30, அதே கட்டடத்தின் மொட்டைமாடியில் ஏறி 40 நிமிஷத்துக்கு மேல் வாசித்தார்கள். லிபியா, கப்பல் எல்லாம் போய், மாடிப்படி ஏறினால் போதும் என்று ஆனது. போலீஸ் வந்தது. ஆனாலும் அங்கே பதிவான மூணு பாட்டு அப்படியே ஆல்பத்தில் இருக்கு.

டேப் கைமாறிய கதை

இப்போ டேப் மலைபோல குவிஞ்சிருக்கு. யார் தேர்ந்தெடுக்கிறது? இன்ஜினியர் கிளின் ஜான்ஸ் 1969-ல் ஒன்று, 1970 ஆரம்பத்தில் ஒன்று என்று ரெண்டு வடிவம் செய்து கொடுத்தார். ரெண்டும் நிராகரிக்கப்பட்டன. இதற்கிடையில் மேனேஜர் யார் என்பதிலும் பிளவு. ஜான், ஜார்ஜ், ரிங்கோ மூணு பேரும் ஆலன் கிளைன் பக்கம், பால் மட்டும் தன் மனைவி லிண்டாவின் குடும்பத்து வக்கீல்கள் பக்கம்.

1970 மார்ச்சில் டேப் ஃபில் ஸ்பெக்டர் கைக்குப் போனது. ஏப்ரல் 1-ம் தேதி 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு' பாட்டின் மேல் ஒரு ஆர்கெஸ்ட்ராவையும் பெண்கள் கோரஸையும் ஏற்றினார். பாட்டை எழுதிய பாலிடம் யாரும் கேட்கலை. ஏப்ரல் 14-ல் மாற்றச் சொல்லி பால் கடிதம் எழுதினார். மே 8-ல் ஆல்பம் மாறாமலே வெளிவந்தது. ஓவர்டப் கூடாது என்று ஆரம்பித்த ப்ராஜெக்ட், தலைக்கு மேல் ஓவர்டப்போடு முடிந்தது. அந்த டிசம்பர் 31-ல் கூட்டாண்மையைக் கலைக்கக் கோரி பால் கோர்ட்டுக்குப் போனார். அவர் சொன்ன காரணங்களில் இந்தப் பாட்டும் ஒன்று.

கட்டாயம் பார்க்க வேண்டிய கன்ட்ரோல் எக்ஸ்பெரிமென்ட்

கடைசியாக வெளிவந்தது 'லெட் இட் பி' என்றாலும், அதன் பெரும்பகுதி 'அபி ரோடு' ஆல்பத்துக்கு முன்னாடியே பதிவானது. 1969 கோடையில் பால் பழைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் போய், இன்னொரு ஆல்பம் பண்ணலாம் என்றார். முன்பு மாதிரி நான் சொல்றபடி நடக்கிறதா இருந்தால் வர்றேன் என்பது மார்ட்டினின் நிபந்தனை. ஒத்துக்கிட்டாங்க.

அதே நாலு பேர், அதே மேனேஜர் தகராறு. இடையில் சில மாதம்தான். செப்டம்பர் 26-ல் வெளிவந்த 'அபி ரோடு' இன்றைக்கும் அவர்களுடைய மிகச் சிறந்த ஆல்பங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. ஜார்ஜின் 'சம்திங்', 'ஹியர் கம்ஸ் தி சன்' இரண்டுக்கும் அதில் இடம் கிடைத்தது. பெரிதாக மாறினது என்னன்னு பார்த்தா, இறுதி வார்த்தை யாருடையது என்று முதல் நாளே பேசி வைத்ததுதான்.

ஆனாலும் முழுக் கதையையும் சொல்லணும். அந்த ஆல்பம் கடைக்கு வர்றதுக்கு ஆறு நாள் முன்னாடியே, செப்டம்பர் 20-ல், நான் விலகுறேன் என்று ஜான் மத்தவங்ககிட்ட சொல்லிட்டார். நல்ல நடைமுறை ஒரு வேலையைக் காப்பாற்றும். உறவைக் காப்பாற்றுமா என்பது வேற கேள்வி, ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

நமக்கு என்ன?

ப்ராஜெக்ட் டீமில் "எல்லாரும் சமம், சேர்ந்து முடிவு பண்ணலாம்" என்று ஆரம்பிப்போம். கேட்க நல்லா இருக்கும். கருத்து வேறுபாடு வரும்போது யார் முடிவு சொல்றது என்பதை மட்டும் பேசாமல் விட்டால், கடைசி வாரத்தில் யார் கையில் ஃபைல் இருக்கோ அவங்கதான் முடிவு எடுப்பாங்க. 1970-ல் அந்த ஃபைல் ஸ்பெக்டர் கையில் இருந்தது.

நேரம் கிடைத்தால் ஒரு சின்ன வேலை செய்யுங்க. 2003-ல் ஆர்கெஸ்ட்ராவை நீக்கி 'லெட் இட் பி... நேக்கட்' என்று ஒரு வடிவம் வந்தது. 'தி லாங் அண்ட் வைண்டிங் ரோடு' பாட்டை 1970 வடிவத்திலும் இதிலும் அடுத்தடுத்துக் கேளுங்க. அப்புறம் பீட்டர் ஜாக்சன் 2021-ல் எடுத்த 'கெட் பேக்' ஆவணப்படம். அதில் நாலு பேரும் சண்டை போடுற அளவுக்குச் சிரிக்கவும் செய்கிறார்கள். யோகோ பெரும்பாலும் ஒரு ஓரமா உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துக்கிட்டு இருக்கார். எந்த டீம் மீட்டிங்கை ஞாபகப்படுத்துதுன்னு நீங்களே சொல்லுங்க.